தானியேலின் தரிசனங்களை அவை பிறந்த காலத்தில் வைத்து வாசிப்பது எப்படி?

தானியேல் புத்தகத்தின் 11ஆம் அதிகாரத்தில் 45 வசனங்கள் இருக்கின்றன. இரண்டாம் வசனத்தைத் தாண்டிவிட்டால் ஒரு ராஜாவின் பெயர்கூட வராது. 'வடதிசை ராஜா' படையெடுப்பான், 'தென்திசை ராஜா' எதிர்த்து வருவான், ஒரு பெண் கல்யாணம் கட்டிக்கொண்டு போவாள், கப்பல்கள் வரும், பலி நின்றுபோகும். இந்த இடத்தில் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மற்றவர்கள் அன்றைய செய்தித்தாளை எடுத்து எந்த நாடு வடக்கு, எந்த நாடு தெற்கு என்று பொருத்தப் பார்க்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. இந்த ராஜாக்கள் அத்தனை பேரும் வரலாற்றில் பெயரோடும் ஆண்டோடும் பதிவானவர்கள், பெரும்பாலானவர்களின் முகம் அவர்கள் அடித்த நாணயங்களிலேயே இருக்கிறது. அவர்களை அடையாளம் காணும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். தானியேலில் கை பழகிவிட்டால் ஏனோக்கு, நான்காம் எஸ்றா முதலிய யூத வெளிப்பாட்டு நூல்களையும் இதே முறையில் வாசிக்கலாம்.

கையில் இருக்கவேண்டியவை

இரண்டு தமிழ் வேதாகமங்கள் வேண்டும். ஒன்று, சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு. மற்றொன்று, கத்தோலிக்கப் பதிப்பான திருவிவிலியம். இரண்டாவது ஏன் வேண்டுமென்றால், மக்கபேயர் 1, 2 நூல்கள் அதில்தான் இருக்கின்றன. தானியேல் பூடகமாகச் சொல்வதை அந்த நூல்கள் பெயர், ஊர், தேதியோடு சொல்லும். பெயர்களின் எழுத்து மட்டும் இரண்டிலும் மாறும், அந்தியோகஸ் என்பதும் அந்தியோக்கு என்பதும் ஒருவரே.

ஒரு நீளத் தாளில் நான்கு பத்தி கோடு போடுங்கள்: வசன எண், வசனம் சொல்வது, பொருந்தும் நிகழ்ச்சி, ஆண்டு. ஓரத்தில் இன்னொரு சின்னப் பத்தி விட்டு, பொருத்தம் உறுதியானதா, இருக்கலாம் என்ற அளவிலா என்று குறியுங்கள். இந்தச் சின்னப் பத்தியை விட்டுவிடுவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறு. நான்கைந்து பொருத்தங்கள் கச்சிதமாக விழுந்ததும் ஆறாவதையும் இழுத்துப் பிடித்துப் பொருத்தத் தோன்றும்.

ஆண்டுக் கணக்கில் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது. மக்கபேயர் நூல்கள் பயன்படுத்துவது, சிரியாவை ஆண்ட செலூக்கிய ராஜாக்களின் ஆண்டுமுறை. அதை மாசிடோனியக் கணக்கு கி.மு. 312 இலையுதிர்காலத்தில் தொடங்கும், பாபிலோனியக் கணக்கு 311 வசந்தத்தில் தொடங்கும். எருசலேம் ஆலயச் சம்பவங்களுக்குப் பலரும் பாபிலோனியக் கணக்கையே எடுப்பார்கள். கிஸ்லேவ் மாதத் தேதிகளுக்கு 312இலிருந்து ஆண்டைக் கழித்தால் போதும்: 145ஆம் ஆண்டு கிஸ்லேவ் என்றால் கி.மு. 167 டிசம்பர். சில புத்தகங்களில் 168 என்று பார்த்தால் குழம்பவேண்டாம், அவர்கள் மற்றக் கணக்கை எடுத்திருக்கிறார்கள்.

முதல் படி: இது எந்த வகை எழுத்து?

ஆமோசும் எரேமியாவும் தெருவில் நின்று ஜனங்களைப் பார்த்துப் பேசியவர்கள். 'திரும்புங்கள், இல்லையென்றால் இப்படி ஆகும்' என்பதுதான் அவர்களுடைய பேச்சு. ஜனங்கள் திரும்பினால் தீர்ப்பும் மாறக்கூடும். வெளிப்பாட்டு நூல் வேறு மாதிரி. அதில் பழங்கால ஞானி ஒருவர் தரிசனம் காண்பார், தேவதூதன் வந்து பொருள் சொல்வான், சாம்ராஜ்யங்கள் மிருகங்களாக வரும், காலம் எண்களாக அளக்கப்படும், கடைசியில் புத்தகம் முத்திரை போடப்படும். எழுதியவரின் சொந்தப் பெயர் எங்கும் இராது. நான்காம் எஸ்றா நூல் எழுதப்பட்டது கி.பி. 100ஐ ஒட்டி, ஆனால் அதில் பேசுபவர் 500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எஸ்றா.

இந்த வகையின் இன்னொரு அடையாளம், நடந்து முடிந்த வரலாற்றை இனி நடக்கப்போவதுபோலச் சொல்வது. பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இது உண்டு. அசீரியாவின் வீழ்ச்சியிலிருந்து கிரேக்கர் காலம் வரை 'ஒரு ராஜா எழும்புவான்' என்றே சொல்லிக்கொண்டு போகும் பலகை ஒன்று கிடைத்திருக்கிறது. நமக்கு இது புதிதல்ல, விஷ்ணு புராணம் நந்தர்களையும் மௌரியர்களையும் இனி வரப்போகும் அரசர்களாகத்தான் சொல்கிறது. அதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை. வரலாறு ஒருவன் கைக்குள் இருக்கிறது, தற்செயலாக ஓடவில்லை என்பதைச் சொல்ல அது ஒரு மரபான வடிவம்.

எபிரெய வேதாகமத்தில் தானியேல் தீர்க்கதரிசிகள் பகுதியில் இல்லை, 'எழுத்துகள்' என்ற மூன்றாம் பகுதியில் இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் எசேக்கியேலுக்கும் ஓசியாவுக்கும் நடுவே பார்த்துப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

இரண்டாம் படி: 8ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள்

7ஆம் அதிகாரத்தின் நான்கு மிருகங்களிலிருந்து தொடங்காதீர்கள். 9ஆம் அதிகாரத்தின் எழுபது வாரங்களிலிருந்து தொடங்கவே கூடாது. 8, 11, 7, 2, 9 என்ற வரிசையில் போங்கள். காரணம் எளிது: 8ஆம் அதிகாரம் சாவியைத் தானே கையில் கொடுக்கிறது. இரண்டு கொம்புள்ள ஆட்டுக்கடா மேதியாவும் பெர்சியாவும் (8:20). வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜ்யம், அதன் பெரிய கொம்பு முதல் ராஜா (8:21).

முதல் கிரேக்க ராஜா அலெக்ஸாண்டர். கி.மு. 334இல் ஆசியாவுக்குள் நுழைந்து, 331இல் கௌகமேலாவில் பெர்சியரை முறித்து, 323இல் பாபிலோனில் இறந்தார். பெரிய கொம்பு முறிந்த இடத்தில் நான்கு கொம்புகள் முளைப்பது அவருடைய தளபதிகள் ராஜ்யத்தைப் பங்குபோட்டது. அவற்றில் ஒன்றிலிருந்து வரும் சின்னக் கொம்பு அன்றாட பலியை நிறுத்தி, பரிசுத்த ஸ்தலத்தைக் கீழே தள்ளுகிறது. கிரேக்க ராஜாக்களில் எருசலேம் ஆலயத்தின் பலியை நிறுத்தியவர் ஒரே ஒருவர், செலூக்கிய ராஜா நான்காம் அந்தியோகஸ் எபிபானேஸ். நூலே சாவி கொடுத்திருக்கும்போது வேறு சாவி தேடக்கூடாது. முறை முழுவதும் இந்த ஒரு விதியின்மேல்தான் நிற்கிறது.

மூன்றாம் படி: 11ஆம் அதிகாரத்தை வசனம் வசனமாக

இங்கே அவசரம் வேண்டாம். மூன்று அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: 1–9, 10–20, 21–45. எருசலேமிலிருந்து பார்த்தால் வடக்கே சிரியாவை ஆண்டவர்கள் செலூக்கியர், தெற்கே எகிப்தை ஆண்டவர்கள் தாலமிகள். வடதிசை ராஜா என்பதும் தென்திசை ராஜா என்பதும் ஒரே ஆள் அல்ல, இரண்டு வம்சங்களின் பட்டப்பெயர். ஒவ்வொரு முறையும் 'இப்போது சிம்மாசனத்தில் யார்?' என்று கேட்கவேண்டும். இதைக் கேட்காவிட்டால் ஒரே மனிதன் நூறாண்டுக்குமேல் போர் செய்வதுபோலத் தோன்றும்.

6ஆம் வசனத்தின் பெண், இரண்டாம் தாலமியின் மகள் பெரனிக்கே. சமாதானத்துக்காக அவளை இரண்டாம் அந்தியோகஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், அவர் தம் முதல் மனைவி லவோதிக்கேயைத் தள்ளிவிட்டார். கி.மு. 246இல் அந்தியோகஸ் இறந்ததும் லவோதிக்கேயின் தரப்பு பெரனிக்கேயையும் அவள் குழந்தையையும் கொன்றது. 7ஆம் வசனத்தில் 'அவளுடைய வேரின் கிளை' என்று படையோடு வருபவர் அவளுடைய சகோதரர், மூன்றாம் தாலமி. வேர் என்றால் தகப்பன், கிளை என்றால் உடன்பிறப்பு. உருவகம் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்று இந்த ஒரு வசனத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

10 முதல் 19 வரை மூன்றாம் அந்தியோகஸ். கி.மு. 217இல் ராபியாவில் தோற்றார் (11, 12), 200இல் பானியத்தில் வென்றார், அதோடு யூதேயா எகிப்தியர் கையைவிட்டுச் சிரியர் கைக்குப் போனது (15, 16). மகள் கிளியோபாத்ராவை ஐந்தாம் தாலமிக்குக் கொடுத்தார், அவளோ தகப்பன் பக்கம் நிற்காமல் கணவன் பக்கம் நின்றாள் (17). ஜூலியஸ் சீசர் காலத்துக் கிளியோபாத்ராவோடு இவளைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. பிறகு கடலோர நாடுகள்மேல் கைவைத்தபோது ரோமர் அவரை மக்னேசியாவில் முறியடித்தார்கள் (18). 187இல் எலிமாயிஸில் ஒரு கோவிலைக் கொள்ளையிடப் போய் உயிர் விட்டார் (19).

20ஆம் வசனத்தில் ஒரு 'தண்டல்காரன்' வருகிறான். வசனத்தில் ஒற்றைச் சொல்தான், அதற்குப் பின்னால் ஒரு பெரிய கடன் இருக்கிறது. கி.மு. 188இன் அபாமேயா உடன்படிக்கைப்படி செலூக்கியர் ரோமருக்கு 12 ஆண்டு, ஆண்டுக்கு 1000 தாலந்து கட்டவேண்டும், அதற்குமுன் முதல் தொகையாக 3000. அடுத்து வந்த நான்காம் செலூக்கஸின் ஆட்சி முழுவதும் இந்தத் தவணைக்கு நடுவில்தான் ஓடியது. அதற்காகத்தான் அவருடைய அமைச்சர் ஹெலியோதோருஸ் எருசலேம் ஆலயப் பணத்தை எடுக்க வந்தார் என்று 2 மக்கபேயர் 3 விவரிக்கிறது. அந்த ராஜா இந்த ஹெலியோதோருஸுக்கு கி.மு. 178இல் எழுதிய கடிதம் பொறித்த கல்வெட்டும் இஸ்ரேலில் கிடைத்திருக்கிறது. அப்பகுதிக் கோவில்களைக் கவனிக்க ஒரு அதிகாரியை நியமிப்பதுதான் அதன் விஷயம்.

21ஆம் வசனத்தில் நான்காம் அந்தியோகஸ் வருகிறார். ஆண்டு கி.மு. 175. 22இல் நசுக்கப்படும் 'உடன்படிக்கையின் தலைவன்' பிரதான ஆசாரியர் மூன்றாம் ஓனியா என்பது பெரும்பாலோர் கருத்து. 29, 30 வசனங்களை மட்டும் மெதுவாக வாசியுங்கள். அந்தியோகஸ் இரண்டாம் முறை எகிப்துக்குப் போகிறார், இந்த முறை கித்தீமின் கப்பல்கள் எதிர்த்து வருகின்றன, மனமுடைந்து திரும்புகிறார், பரிசுத்த உடன்படிக்கைமேல் சீறுகிறார். கித்தீம் முதலில் சைப்ரஸைக் குறித்த சொல், பிறகு மேற்குக் கடல்களுக்கு அப்பாலுள்ளவர்கள் எல்லோருக்கும் ஆனது. தானியேலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் நேரடியாக 'ரோமர்' என்றே போட்டுவிட்டது.

நடந்தது கி.மு. 168 கோடையில், அலெக்ஸாந்திரியாவுக்குப் பக்கத்தில். ரோமத் தூதர் பொப்பிலியுஸ் லேனாஸிடம் அந்தியோகஸ் கை நீட்டுகிறார், தூதர் கை கொடுக்காமல் ரோம ஆட்சிமன்றமான செனட்டின் கடிதத்தைக் கொடுக்கிறார். படித்துவிட்டு நண்பர்களைக் கலந்து சொல்கிறேன் என்கிறார் ராஜா. தூதர் தம் கையிலிருந்த திராட்சைக் கொடித் தடியால் ராஜாவைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம் போட்டு, இதைத் தாண்டுவதற்குமுன் பதில் சொல்லுங்கள் என்கிறார். ராஜா எகிப்தைவிட்டுத் திரும்பினார். வரலாற்றாசிரியர் பொலிபியஸ் பதிவு செய்த காட்சி இது. அதை வாசித்துவிட்டு 30ஆம் வசனத்துக்கு வந்தால் அந்தச் சீற்றம் எங்கிருந்து எருசலேமின்மேல் இறங்கியது என்பது விளங்கும்.

31ஆம் வசனம் கி.மு. 167 டிசம்பர். அன்றாட பலி நின்றது, பலிபீடத்தின்மேல் 'பாழாக்கும் அருவருப்பு' வைக்கப்பட்டது. எபிரெயத்தில் ஷிக்குட்ஸ் ஷோமேம் என்ற இந்தச் சொல், வானத்தின் ஆண்டவன் என்று பொருள்படும் பாகால் ஷாமேம் என்ற தெய்வப் பெயரை வேண்டுமென்றே சிதைத்துச் சொன்னது என்பது நீண்டகாலமாக ஏற்கப்பட்ட விளக்கம். மொழிபெயர்ப்பில் இந்த ஒலி போய்விடும். திருச்சட்டச் சுருள்களைக் கிழித்து எரித்தார்கள், பிள்ளைகளுக்கு விருத்தசேதனம் செய்த தாய்மாரைக் கொன்றார்கள் (1 மக்கபேயர் 1). 33ஆம் வசனத்தில் பட்டயத்தாலும் நெருப்பாலும் விழுகிற 'அறிவாளிகள்' இவர்களோடு நின்று உபதேசித்தவர்கள். இந்த நூலை எழுதியவரும் அவர்களில் ஒருவர் என்று எண்ண நல்ல காரணம் இருக்கிறது. 34ஆம் வசனத்தின் 'கொஞ்சம் ஒத்தாசை', அந்தியோகஸுக்கு எதிராக யூதர் கிளர்ந்த மக்கபேயர் எழுச்சியா? ஓரப் பத்தியில் 'இருக்கலாம்' என்று மட்டும் எழுதுங்கள்.

நான்காம் படி: தையல் எங்கே விடுகிறது என்று பாருங்கள்

நிரப்பிய தாளை இப்போது தூரத்தில் வைத்துப் பாருங்கள். பெர்சியர் ஆண்ட 200 ஆண்டுக்கு ஒரே வசனம், அதிலும் நான்கு ராஜாக்கள்தான் கணக்கில் வருகிறார்கள். மூன்றாம் அந்தியோகஸின் 36 ஆண்டுக்குப் பத்து வசனங்கள். நான்காம் அந்தியோகஸின் முதல் எட்டொன்பது ஆண்டுக்கு 21 முதல் 39 வரை 19 வசனங்கள். எழுதுபவருக்குத் தொலைவில் உள்ளது மங்கலாகவும் பக்கத்தில் உள்ளது நுணுக்கமாகவும் தெரிகிறது.

40ஆம் வசனத்திலிருந்து எல்லாம் மாறுகிறது. ராஜா மறுபடி எகிப்தைப் பிடிப்பான், லீபியரும் எத்தியோப்பியரும் அவன் பின்னே போவார்கள், கடலுக்கும் பரிசுத்த பர்வதத்துக்கும் நடுவே கூடாரம் போடுவான், அங்கே முடிவடைவான் என்கிறது வசனம். அப்படி நடக்கவில்லை. மூன்றாம் எகிப்துப் படையெடுப்பே இல்லை. அந்தியோகஸ் கிழக்கே போய் கி.மு. 164 கடைசியில் பெர்சியப் பகுதியில் இறந்தார். அவர் இறந்த செய்தி வந்த மாதத்தைப் பாபிலோனியப் பலகை ஒன்று குறித்திருக்கிறது. ஆக, பலி நின்றது எழுதியவருக்குத் தெரியும், ராஜா எப்படிச் செத்தான் என்பது தெரியாது. நூலின் தரிசனப் பகுதி இன்றைய வடிவத்தை எடுத்தது 167க்கும் 164க்கும் நடுவில்.

இந்த முடிவு புதியதும் அல்ல. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் போர்பிரி என்ற தத்துவவாதி இதைச் சொல்லிவிட்டார். அவரை மறுக்க எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம்கூட 20ஆம் வசனம் வரை வரலாற்றுப் பொருத்தத்தில் தங்களுக்குள் சண்டை இல்லை என்று ஒப்புக்கொண்டார். புத்தகம் முழுவதும் ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனில் எழுதப்பட்டது என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. அவர்களும் சந்திக்கவேண்டிய சான்றுகள் சில: கி.மு. 180ஐ ஒட்டி எழுதப்பட்ட சீராக்கின் ஞானம் முன்னோர்களைப் புகழும் பட்டியலில் ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், பன்னிரு தீர்க்கதரிசிகள் எல்லோரும் வருகிறார்கள், தானியேல் வருவதில்லை. 3ஆம் அதிகாரத்தின் இசைக்கருவிப் பெயர்களில் மூன்று கிரேக்கச் சொற்கள். சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த எட்டுத் தானியேல் பிரதிகளில் மிகப் பழையதும் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிதான். 1 முதல் 6 வரையுள்ள அரண்மனைக் கதைகள் மட்டும் இதைவிடப் பழையவை என்பது பொதுவான கருத்து.

7ஆம், 2ஆம் அதிகாரங்களை இதற்குப் பிறகு விரைவாகவே முடித்துவிடலாம். பாபிலோன், மேதியா, பெர்சியா, கிரேக்கம் என்று நான்கு. நான்காம் மிருகத்தின் சின்னக் கொம்பும் 8ஆம் அதிகாரச் சின்னக் கொம்பும் செய்கிற வேலை ஒன்றே.

ஐந்தாம் படி: எண்கள்

மிகுதியான பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. 8:14இன் 2300 இராப்பகலை முதலில் எடுங்கள். பேச்சு அன்றாட பலியைப் பற்றியது, அது நாளுக்கு இரண்டு: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. 2300 பலி நின்றுபோனால் 1150 நாள், மூன்று ஆண்டுக்குக் கொஞ்சம் மேல். பலிபீடம் தீட்டுப்பட்டது கி.மு. 167 கிஸ்லேவ் 15, மறுபடி பிரதிஷ்டை ஆனது 164 கிஸ்லேவ் 25. மூன்று ஆண்டும் பத்து நாளும். 'ஒரு காலமும், காலங்களும், அரைக்காலமும்' என்ற மூன்றரை ஆண்டும் அதே அளவைத் தொடுகிறது, ஆனால் நாள் பிசகாமல் இல்லை. நாள் பிசகாமல் வரவில்லையே என்று எண்ணை வளைக்காதீர்கள். நடந்த பிறகு எழுதியிருந்தால் கச்சிதமாக வந்திருக்கும்.

9ஆம் அதிகாரத்தின் கேள்வி எரேமியா சொன்ன 70 ஆண்டு. அது ஏழால் பெருகி 490 ஆகிறது, அதாவது 49 ஆண்டு கொண்ட யூபிலி பத்து. இங்கே ஒரு வாரம் என்பது ஏழு ஆண்டு. முதல் ஏழு வாரம் 49 ஆண்டு: எருசலேம் விழுந்த 587இலிருந்து, பெர்சிய ராஜா கோரேஸ் யூதரைத் திரும்பிப்போக விட்ட 538 வரை, நன்றாகப் பொருந்துகிறது. கடைசி வாரம் கி.மு. 171இல் ஓனியா கொல்லப்பட்டதை ஒட்டித் தொடங்கி 164 வரை, அதன் நடுவில் 167இல் பலி நிற்கிறது, அதுவும் பொருந்துகிறது. நடுவிலுள்ள 62 வாரம் 434 ஆண்டு, உண்மையில் கழிந்ததோ 367. இந்த 67 ஆண்டு வித்தியாசத்தை மறைக்காமல் தாளில் எழுதிவையுங்கள். எழுதியவருக்கு 490 என்ற முழு எண்தான் முக்கியம், நடுப்பகுதி அதை நிரப்ப வந்தது. 360 நாள் ஆண்டு என்று ஒன்றை உருவாக்கியோ, தொடக்க ஆண்டை மாற்றியோ சரிக்கட்டுவது கணக்கைக் காப்பாற்றும், வசனத்தைக் காப்பாற்றாது.

இதே இடத்தில் தமிழ் வாசகருக்கென்றே ஒரு குழி இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பு 9:25இல் 'மேசியா' என்கிறது. எபிரெயச் சொல் மாஷியாக், அபிஷேகம் செய்யப்பட்டவர். ஏசாயா 45:1இல் அதே சொல் பெர்சிய ராஜா கோரேசுக்கு வருகிறது, அங்கே நம் மொழிபெயர்ப்பு 'அபிஷேகம்பண்ணின' என்று போடுகிறது. ஒரே சொல், இரண்டு தமிழ். அபிஷேகம் பெற்ற பிரதான ஆசாரியருக்கும் இந்தச் சொல் உரியது. எபிரெயப் பாடத்தின் நிறுத்தக் குறியும் ஏழு வாரத்துக்குப் பின்னால் நிற்கிறது. ஏழையும் அறுபத்திரண்டையும் சேர்த்து ஒரே ஆளிடம் கொண்டுபோய் நிறுத்துவது பிற்கால வாசிப்பு. இப்படி ஒரு சொல்மேல் முழு விளக்கமும் நிற்கும்போதெல்லாம் அது வேறு எங்கெங்கே வருகிறது, அங்கே தமிழில் என்னவாகியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

ஆறாம் படி: பின்னால் வந்த வாசிப்புகளுக்குத் தனிப் பத்தி

பின்வந்தவர்கள் தானியேலைத் தங்கள் காலத்துக்கு மறுபடி திறந்தார்கள். நான்காம் எஸ்றா நூலில் தூதன் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறான்: இந்தக் கழுகு உன் சகோதரன் தானியேல் கண்ட நான்காம் ராஜ்யம், ஆனால் நான் உனக்கு விளக்குவதுபோல அவனுக்கு விளக்கப்படவில்லை. ஆலயம் எரிந்து முப்பது ஆண்டான பிறகு அவர்களுக்கு நான்காம் மிருகம் ரோம்தான். மாற்கு 13:14 'பாழாக்கும் அருவருப்பு' என்ற சொல்லை முதல் நூற்றாண்டுக்கு எடுத்துக்கொள்கிறது. இவை மதிக்கவேண்டிய வாசிப்புகள், தனித்தனியே படிக்கவேண்டியவை. தாளில் இவற்றுக்கென்று தனியாக இன்னொரு பத்தி கோடு போட்டு அங்கே எழுதுங்கள். மூன்றாம் பத்தியில் கலந்தால் இரண்டு காலத்தின் குரலும் கேட்காமல் போய்விடும்.

கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1844 ஒரு துயரமான சான்று. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் 2300 இராப்பகலை 2300 ஆண்டாக்கி, எஸ்றா எருசலேமுக்குப் போன கி.மு. 457இலிருந்து எண்ணினார். 1843 என்று வந்தது, பூஜ்ய ஆண்டு இல்லாததைச் சேர்த்ததும் 1844 ஆனது. அக்டோபர் 22 அன்று ஆயிரக்கணக்கானோர் ஆண்டவருக்காகக் காத்திருந்தார்கள், சிலர் வயலை அறுக்காமலே விட்டிருந்தார்கள். கூட்டலிலும் கழித்தலிலும் பிழை இல்லை. காலை மாலைப் பலியின் எண்ணிக்கையை அந்தப் பலி நின்ற காலத்திலிருந்து பிரித்து எடுத்ததில்தான் பிழை.

கடைசியாக 12ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். சட்டத்தைக் கைக்கொண்டதற்காகவே மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தபோது, நீதிமான் நீடூழி வாழ்வான் என்ற பழைய வாக்கு எப்படி நிற்கும்? மண்ணில் தூங்குகிறவர்களில் அநேகர் விழிப்பார்கள் என்று 12:2 சொல்வது இந்தக் கேள்விக்குத்தான். எபிரெய வேதாகமத்தில் உயிர்த்தெழுதலை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் இடம் வேறு இல்லை. அடுத்த வசனத்தில் நட்சத்திரங்களைப்போலப் பிரகாசிக்கிறவர்கள், 11:33இல் நெருப்பில் விழுந்த அதே அறிவாளிகள். எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், மஸ்கிலீம்.

பிறகு 11, 12 வசனங்களை அடுத்தடுத்து வாசியுங்கள். முதலில் 1290 நாள் என்கிறது. உடனே 1335 நாள் மட்டும் காத்திருக்கிறவன் பாக்கியவான் என்கிறது. முன்பு சொன்ன நாள் கடந்துபோனபோது யாரோ ஒருவர் சுருளின் கடைசியில் இதைச் சேர்த்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இரண்டுக்கும் நடுவே 45 நாள். முடிவு இன்னும் வரவில்லை, ஒளிந்திருக்கிறவர்கள் ஒளிந்துதான் இருக்கிறார்கள், இன்னும் ஒன்றரை மாதம் பொறுத்திருங்கள் என்று அவர்களுக்கு எழுதுகிறார்.